இறங்காத ஷட்டிலும் தாரணியோட பேட்டும்

நாச்சிமுத்தண்ணன் தூக்கி அடிச்ச ஷட்டில் மேல போச்சு, மேல போனது சென்னியப்பனோட மஞ்சக் குடோன்ல இரும்பு உத்தரத்துக்கு ஒரு முழம் கீழ போய் நின்னுச்சு, நின்னது நின்னபடியே நின்னுச்சு. கீழ தாரணி பேட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவ நெத்தியில இருந்து வேர்வை இறங்குச்சு, கூரையில இருந்து மஞ்சத் தூசி இறங்குச்சு, ஷட்டில் மட்டும் இறங்கல.

அது தை மாசம், அப்போ ஸ்கோர் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. அதுக்கு மேல இழுக்க வழியே இல்ல, அடுத்த பாயிண்ட் யாருக்கோ கேம் அவங்களுக்கு. அந்த கேமும் சும்மா பொழுது போகாம ஆடுன கேம் இல்ல.

சென்னியப்பனோட குடோன்ல ஒரு காலத்துல மஞ்ச மூட்டை கூரை வரைக்கும் அடுக்கி இருந்துச்சு. யாவாரம் ஈரோட்டுல வேற பக்கம் நகந்து போனதும், அவரு மூட்டையெல்லாம் காலி பண்ணிட்டு, தரையில பச்சை மேட்டு விரிச்சு, வெள்ளைக் கோடு போட்டு, நெட்டு கட்டி, ஷட்டில் கோர்ட் ஆக்கிட்டாரு. மூட்டைதான் போச்சு, மஞ்ச போகல. ரோட்டுல ஒரு லாரி போனாப் போதும், உத்தரத்துல இருந்து பொடி பொலபொலன்னு உதிரும். வெள்ளை ஷூ ரெண்டே நாள்ல மஞ்ச ஷூ. ஆடிட்டு வீட்டுக்குப் போறவங்க எல்லாம் நலங்கு வெச்சு எந்திரிச்சு வந்தவங்க மாதிரிதான் போவாங்க.

அங்க காலைல ஆறுல இருந்து எட்டு மணி வரைக்கும் ஆம்பளைங்களோட காலை டீம். சாயங்காலம் பூரா பிள்ளைங்களுக்குக் கோச்சிங். பொம்பளைங்க ஒரு டஜன் பேரு சேந்து எங்களுக்கும் நேரம் குடுங்கன்னு கேட்டப்போ கெடச்சது பகல் பதினோரு மணி. சிமெண்ட் ஷீட்டுக் கூரை அந்நேரத்துக்குத் தோசைக்கல்லு மாதிரி காயும். அது போகட்டும், அவங்கள்ல பாதிப் பேரு வேலைக்குப் போறவங்க. தாரணியே கண்ணாடிக் கடை கவுண்டர்ல ஒம்பதரைக்கு நின்னாகணும். காலைல ஆறு மணின்னாத்தான் ஆட முடியும், இல்லீன்னா ஆட்டமே இல்ல. கேட்டுப் பாத்தாங்க, கெஞ்சிப் பாத்தாங்க, சண்டை போட்டும் பாத்தாங்க. எட்டு மணிக்கு மேல நாங்க ஏன் வரணும், ஆறு மணிங்கறது எங்க கௌரவம்ன்னு காலை டீம் மொறைச்சுக்கிட்டு நின்னுச்சு. கடைசில, சத்தம்னாலே ஆகாத சென்னியப்பன் காதைப் பொத்திக்கிட்டு ஒரு வழி சொன்னாரு.

"பக்கத்துக்கு ஒருத்தரா வாங்க. ஒரே கேம். செயிக்கறவங்களுக்கு ஆறு மணி, தோத்தவங்க மிச்சம் இருக்கறதுல பாத்துக்குங்க. அதுக்கு மேல எங்கிட்ட வரப்படாது, ஆமா."

பொம்பளைங்க தாரணியை அனுப்புனாங்க. ஆம்பளைங்க சிரிச்சுக்கிட்டே மஞ்ச புரோக்கர் நாச்சிமுத்தண்ணனை அனுப்புனாங்க. அண்ணன் பின்கோட்டுல ஆணி அடிச்ச மாதிரி நின்னுக்கிட்டு, எது வந்தாலும் தூக்கித் தூக்கிப் போடுவாரு, எதிராளி தோளு கழண்டு போற வரைக்கும் போட்டுக்கிட்டே இருப்பாரு. அப்படிப் போட்டதுல ஒண்ணுதான் போய் நின்னுக்குச்சு.

அது நின்னதைப் பாத்து யாரும் வாயைப் பொளக்கல. பாயிண்ட் யாருக்குன்னுதான் கேட்டாங்க.

"லெட்டு குடுங்க டீச்சர், மறுபடி போட்டு ஆடட்டும்"ன்னாங்க காலை டீம்காரங்க.

"அதெப்படி? அவரு அடிச்சது இன்னும் கோட்டுக்குள்ள விழுகவே இல்லியே, அவுட்டு குடுங்க"ன்னாங்க பொம்பளைங்க.

அம்பயர் சேர்ல உக்காந்திருந்தது கேர்ள்ஸ் ஸ்கூல் பி.டி. டீச்சர் ரோஸலின். கழுத்துல விசில், மடியில திருத்தாத பரிச்சைப் பேப்பர், கண்ணுல ரூல் புக்கு. அவங்க ஷட்டிலை ஒரு தடவை நல்லா பாத்தாங்க.

"தரையைத் தொட்டுதா? இல்ல. கூரையைத் தொட்டுதா? இல்ல. நெட்டு மேலயோ ஆளு மேலயோ பட்டுதா? இல்ல. அப்போ ரேலி நடந்துக்கிட்டு இருக்கு. எல்லாரும் கம்முனு உக்காருங்க."

"எவ்ளோ நேரமுங்க டீச்சர் நடக்கும்?"

"அதை ஷட்டில் கிட்ட கேளுங்க."

சாயங்காலம் வரைக்கும் ரேலி நடந்துச்சு. அப்புறம் அம்பயர் பர்மிஷன் இருந்தா கோர்ட்டை விட்டுப் போலாம்ங்கற ரூலைத் தேடி எடுத்து, டீச்சர் ரெண்டு பேருக்கும் பர்மிஷன் குடுத்தாங்க. பேட்டு மட்டும் எப்பவும் கையில இருக்கணும், ஷட்டில் அசைஞ்சா ஃபோன் வரும், வந்த நிமிசம் ஓடியாரணும்.

அன்னைல இருந்து நாச்சிமுத்தண்ணன் கக்கத்துல பேட்டோடதான் மஞ்ச ஏலத்துக்குப் போனாரு. தாரணி கண்ணாடிக் கடையில பேட்டுக் காம்பாலதான் எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டு "இது தெரியுதுங்களா, இது?"ன்னு கேட்டா. ஊரு ரெண்டே நாள்ல பழகிக்குச்சு. பஸ்ல கண்டக்டர் "பேட்டை உள்ள இழுங்கம்மா"ன்னு சொன்னாரே தவிர எதுக்குப் பேட்டுன்னு கேக்கல. காலைல எல்லாரு ஃபோனுக்கும் மஞ்ச நிலவரம் வர்ற மாதிரி ஷட்டில் நிலவரமும் வர ஆரம்பிச்சுச்சு, குட்மார்னிங் ரோஜாப்பூவோட: இன்னைக்கும் அதே இடம். ஷட்டில் கொஞ்சம் சாஞ்சாப்புல தெரிஞ்சா புரோக்கருங்க மூட்டையைத் தள்ளிவிட்டாங்க, நிமிந்தாப்புல தெரிஞ்சா பிடிச்சு வெச்சாங்க. யாரோ சூடம் ஏத்த வந்தப்போ, "பொகைல அது நகந்துச்சுன்னா யாரு பொறுப்பு?"ன்னு டீச்சர் விசில் அடிச்சுத் தொரத்திட்டாங்க. புறா வந்து ஷட்டில் மேல உக்காந்தா லெட்டு குடுக்க வேண்டி வரும்ங்கறதால, சென்னியப்பன் புறா ஓட்டவே தனியா ஒரு வாட்ச்மேனைப் போட்டாரு.

கல்யாண வீட்டுல தாரணியைப் பாக்கற பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாம் முன்னாடி வயித்தைப் பாத்துட்டு "ஏனம்மிணி, விசேஷம் ஒண்ணுமில்லியா?"ன்னுதான் கேப்பாங்க, நாலு வருசமா அதே கேள்வி. இப்போ கூரையைப் பாக்கற மாதிரி மேல பாத்துட்டு, "ஏனம்மிணி, இன்னும் இறங்கலியா?"ன்னு கேட்டாங்க. "இல்லீங்க பெரியம்மா, வரும்போது வரும்"ன்னு பதில் சொல்லிட்டு பந்தியில உக்காந்து, இலைக்குப் பக்கத்துல பேட்டைச் சாத்தி வெச்சுட்டு, நாலு வருசத்துல மொதல் தடவையா தாரணி நிம்மதியா பாயசம் குடிச்சா.

ஆனா அந்தப் பேட்டு இருக்கே, அதுதான் அவளுக்கு விசம்.

அந்த ஊர்ல எதையும் கையில தூக்கிப் பாத்துத்தான் வாங்குவாங்க. வெரலி மஞ்சளை உள்ளங்கைல போட்டு எடை பாத்து, கனமா இருந்தா அது முதல் தரம். பெட்ஷீட்டை மடிப்புப் பிரிக்காமத் தூக்கிப் பாத்து, கை கீழ போனா அது நல்ல நூலு. கனம் இருந்தாத்தான் தரம்ங்கறது அவங்களுக்குப் பால்குடி மறக்கறதுக்கு முன்னாடியே வந்த பாடம். அதே கையோட ஷட்டில் பேட்டும் வாங்குனாங்க. ஊரு பூரா கனமான பேட்டு, ஊரு பூரா தைல வாசம், ஏன்னு யாருக்கும் தெரியல.

தாரணியோட புருசன் பூபதிக்கு ஜவுளிச் சந்தையில பெட்ஷீட், ஜமக்காளம் யாவாரம். அவனுக்கு ஷட்டில் ஆடத் தெரியாது. ஆனா பொண்டாட்டி ஆடுனா பெஞ்சுல உக்காந்து, பாயிண்ட் யாருக்குப் போச்சுன்னு புரியாமயே கை தட்டுவான். அவ பொறந்த நாளுக்கு சந்தை முடிஞ்ச கையோட ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போயி, "இருக்கறதுலயே கனமானதா எடுங்க"ன்னு கேட்டு, ஒவ்வொண்ணா தூக்கிப் பாத்து, கை கீழ போன பேட்டை ஜிகினாத் தாள்ல சுத்தி வாங்கிட்டு வந்தான். தலைப்பக்கம் பூரா கனம். தண்டு கடப்பாரை மாதிரி வளையாது. நரம்பை இழுத்து இழுத்துக் கட்டி, தட்டுனா தகரம் மாதிரி கணீர்னு கேக்கும். பின்கோட்டுல நின்னு மரம் வெட்டற மாதிரி ஸ்மாஷ் அடிக்கறவங்களுக்கான பேட்டு அது. தாரணி அதைப் பிரிச்சப்போ பூபதி மூஞ்சியைப் பாத்தா. "நல்லாருக்குங்க மாமா"ன்னா. அந்த ஒரு வார்த்தையில மாட்டிக்கிட்டா.

அடிக்கறப்போ வலிக்காது. வீட்டுக்கு வந்து மேல் பலகையில இருக்கற குக்கரை எடுக்கக் கையைத் தூக்குனா தோளுக்குள்ள யாரோ ஊசி கோக்கற மாதிரி இருக்கும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத் தைலம் தேய்ப்பா. இப்போ நிலைமை என்னன்னா, மேல தொங்கற அந்த ஒரு ஷட்டிலை அடிக்கணும், அதை அடிச்சாத்தான் ஒரு டஜன் பேருக்கு ஆறு மணி, அடிக்கறதுக்கோ தோளு இல்ல. நாச்சிமுத்தண்ணன் தூக்கிப் போட்டதை எல்லாம் அந்த கேம்ல அவ ஸ்மாஷ் அடிக்கப் பாத்து, பாதியை நெட்டுலதான் போட்டிருந்தா.

ஒரு நாள் டீச்சர் பேப்பர் திருத்திக்கிட்டே பேச்சுவாக்குல, "ரேலி நடுவுல பேட்டை மாத்திக்கலாம், தப்பில்ல, ரூல்ல எடம் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க.

அவ்வளவுதான்! மறுநாள் காலைல ஊரே பேட்டோட வந்துருச்சு. காலை டீமும் வந்துச்சு, பொம்பளைங்களும் வந்தாங்க, ஏன்னா ரேலி முடியாம யாரும் ஆடவும் முடியாது, ஆறு மணிக்கு எந்திரிச்ச பழக்கத்துல தூங்கவும் முடியாது. ஆறு மணி யாருக்குன்னு அடிச்சுக்கிட்டவங்க எல்லாம் ஒரே ஆறு மணிக்கு ஒரே பெஞ்சுல உக்காந்து, ஒரே டீ கேனைச் சுத்தி, அண்ணாந்து பாத்துக்கிட்டே தாரணிக்குப் பேட்டுப் பாத்தாங்க.

"இதைப் புடி அம்மிணி. ஒரே போடு, தரை ஒடையும்."

"உன்ற பேட்டெல்லாம் ஒரு பேட்டா? பனமட்டை. இந்தா தாரணி, இதைத் தூக்கிப் பாரு, எப்படிக் கனம்!"

"அக்கா, எங்க வீட்டுக்காரரு பேட்டுங்க. அவரு இதுல அடிச்சு டியூப்லைட்டையே ஒடைச்சிருக்காரு."

"நெட்டுக்கு மேல போச்சான்னு கேளு மொதல்ல."

ஒவ்வொண்ணா வாங்கி வாங்கி வீசிப் பாத்தா. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க எப்படி ஆடணும்னு ஆசைப்படறாங்களோ அப்படி ஒரு பேட்டை வெச்சிருந்தாங்க. எப்படி ஆடறாங்களோ அப்படி ஒருத்தர்கிட்டயும் இல்ல. எல்லாமே கனம், எல்லாமே கடப்பாரை. நாச்சிமுத்தண்ணன் மட்டும் எதிர்ப்பக்கம் உக்காந்து டீயை ஊதிக்கிட்டே, "வேகமா முடிங்கப்பா. கக்கத்துல பேட்டை வெச்சு வெச்சு எனக்கு வேர்க்குரு வந்துருச்சு"ன்னாரு.

சித்திரை வெயில்ல ஷீட்டு காஞ்சுச்சு, ஷட்டில் கருகல. ஆடி வந்துச்சு, அம்மியே பறக்கற காத்து அடிச்சு, குடோன் கதவு படார் படார்னு சாத்துச்சு, பிளக்ஸ் பேனர் எல்லாம் காவேரிப் பாலம் தாண்டிப் போச்சு, வாத்து எறகால செஞ்ச அந்தச் சின்னச் சாமான் ஒரு நூலு கூட அசையல.

அந்த ஆடியில ஒரு காலைல ரோஸலின் டீச்சருக்கு ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட். போறதுக்கு முன்னாடி, "கொஞ்ச நேரம் சேர்ல உக்காந்து பாத்துக்க தாரணி, புறாவை மட்டும் விட்றாத"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. தாரணி மொதல் தடவையா அம்பயர் சேர்ல ஏறுனா, ஏறி உக்காந்து புறாவைப் பாத்தா, ஷட்டிலைப் பாத்தா, அப்புறம் கீழ பாத்தா.

அந்தத் தரையை யாரும் கூட்டவே இல்ல. ஆட்டம் முடியாம கோர்ட்டைத் தொடக் கூடாதுன்னு டீச்சர் மொதல் நாளே வெளக்கமாத்தைப் புடுங்கி வெச்சிருந்தாங்க, பேட்டு பாக்க வந்தவங்களையும் கோட்டுக்கு வெளிய நிக்க வெச்சாங்க. அன்னைக்கு ஆடுன ஆட்டம் அப்படியே மஞ்சப் பொடியில பதிஞ்சு கெடந்துச்சு. அண்ணன் பக்கம் பின்கோடு பூரா மாடு மிதிச்ச களம் மாதிரி கெடந்துச்சு, முன்னாடி எடமெல்லாம் சுத்தம், ஒரு தடம் இல்ல. தாரணி பக்கம் அப்படியே தலைகீழ்! நெட்டுக்கு முன்னாடி ஓடுனது, குனிஞ்சது, திரும்புனது, ஒரு கால்ல வழுக்கி நின்னது, எல்லாம் தடம் மேல தடமா, மாரியம்மன் கோயில் வாசல் மாதிரி மிதிபட்டுக் கெடந்துச்சு. பின்னாடி கோட்டுக்கிட்ட அங்கொண்ணும் இங்கொண்ணுமா தயங்கித் தயங்கி வெச்ச காலு, கடைசியா அந்த ஷட்டிலுக்காக ஓடிப்போயி நின்ன ரெண்டு காலு.

அவளுக்கு அந்த இருபத்தொன்பது பாயிண்டும் ஒண்ணு ஒண்ணா ஞாபகம் வந்துச்சு. ஒண்ணு கூட ஸ்மாஷ் இல்ல. நெட்டுக்கிட்ட தட்டுனது, தடவுனது, கடைசி நேரத்துல மணிக்கட்டைத் திருப்பி வேற பக்கம் அனுப்புனது. அத்தனையும் அந்தக் கடப்பாரையைக் கையில வெச்சுக்கிட்டு, அதை மீறி எடுத்த பாயிண்டு.

"அட, நான் அடிக்கறவளே இல்லியே"ன்னு சேர் மேல உக்காந்தபடியே வாய்விட்டுச் சொன்னா. சொன்னதும் நெஞ்சுல இருந்து ஒரு மூட்டை இறங்குன மாதிரி இருந்துச்சு. வாட்ச்மேன் புறாவை ஓட்டறதை நிறுத்திட்டு, "எதாவது சொன்னீங்களாம்மா?"ன்னு கேட்டாரு.

சேரை வாட்ச்மேன் கிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுக்குக் கெளம்புனா. மூட்டைல பாதிதான் இறங்கி இருந்துச்சு. மிச்சப் பாதி வீட்டுல டீ குடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"மாமா, அந்தக் குக்கரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்"ன்னா. பூபதி எட்டி எடுத்துக் குடுத்தான். குடுத்துட்டு நகரல, அங்கயே நின்னான்.

"மாமா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே?"

"பேட்டைப் பத்தியா?"

தாரணி கையில இருந்த குக்கர் மூடி டங்குனு கீழ விழுந்துச்சு.

"ஏந் தாரு, சாயத்தை மோந்து பாத்தே எந்தப் பட்டறைன்னு சொல்றவன் நானு. பாத்ரூம்ல தைலம் தேச்சா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா இத்தனை நாளும் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவ? 'இல்லீங்க மாமா, பேட்டு நல்லாருக்குங்க'ம்ப. அந்தப் பொய்யை இன்னொருக்கா உன் வாயில இருந்து வர வெக்க வேண்டாம்னுதான் இருந்தேன். பயமும்தான்னு வெச்சுக்க." மூடியைக் குனிஞ்சு எடுத்தான். "போன சந்தையில ஒரு அம்மாவுக்கு நம்ம கடையிலயே கனமான ஜமக்காளத்தை எடுத்துப் போட்டேன். எவ்ளோ கனம் பாருங்கன்னு பெருமையா வேற சொல்றேன். அந்தம்மா என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, 'அதைத் தொவைக்கறது நீயா நானா?'ன்னு ஒரே கேள்வி. எனக்கு நீ பேட்டைத் தூக்கறதுதான் கண்ணுல வந்துச்சு."

தாரணிக்கு அழுகை வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, ரெண்டும் வாசல்ல முட்டிக்கிட்டு ஒரு விக்கலாத்தான் வெளிய வந்துச்சு.

"வாங்க போலாம்"ன்னா.

"எங்க?"

"கடைக்கு. நானும் வர்றேன் இந்தத் தடவை."

ஸ்போர்ட்ஸ் கடைக்காரர் அவங்களைப் பாத்ததும் பெரிய பெரிய பேட்டா எடுத்து அடுக்குனாரு. தாரணி எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு, "கனமே இல்லாததா ஒண்ணு காட்டுங்க"ன்னா. அவரு காது சரியா கேக்கலையோன்னு கடலை தின்னுக்கிட்டு இருந்த பையை மடிச்சு வெச்சாரு.

"கனமில்லாததுங்களா? அதை யாருங்க வாங்குவா இந்த ஊர்ல? கம்பெனிக்காரன் தலையில கட்டிட்டுப் போனது ஒண்ணு கெடக்கு, கொசுவுக்குத்தான் ஆகும்"ன்னு பரண்ல இருந்து தூசி தட்டி எடுத்தாரு.

பூபதி தண்டை ஆள்காட்டி வெரல் மேல குறுக்க வெச்சு, கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தான், நூலு பாக்கறவன் கையாச்சே. பழைய பேட்டை அதே எடத்துல வெச்சா, தலை குப்புறச் சாஞ்சுச்சு. இதை வெச்சான், அது சாயாம நின்னு, அப்புறம் மெல்லக் கைப்பிடிப் பக்கமா குனிஞ்சுச்சு. "கனமெல்லாம் உன் கைக்குள்ளயே இருக்குது தாரு, தலையில இல்ல"ன்னான். அவ தண்டை வளைச்சுப் பாத்தா, முருங்கைக் காம்பு மாதிரி கொஞ்சம் குடுத்துச்சு. பிடியில துணியைச் சுத்தச் சுத்தப் பருமனாயிருச்சுன்னு ரெண்டு சுத்தைப் பிரிக்கச் சொன்னா, சின்னக் கை அவளுது. வீசிப் பாத்தா. கொசு கூடத் திரும்பிப் பாக்காது, அவ்ளோ சத்தமில்லாம வீசுச்சு. தோளு ஒண்ணும் சொல்லல.

"கட்டிங் எவ்ளோ போடட்டுமுங்க?"ன்னு கேட்டாரு கடைக்காரர்.

"நான் அதெல்லாம் தொடறதில்லீங்க"ன்னான் பூபதி.

"அட, நரம்பு கட்டறதுங்க! இழுத்துக் கட்டட்டுமா, தளர்த்திக் கட்டட்டுமா? அடிச்சு ஆடறவங்க இழுத்துக் கட்டச் சொல்லுவாங்க. கொஞ்சம் விட்டுக் கட்டுனா நீங்க சும்மா தொட்டாப் போதும், நரம்பே தள்ளிவிடும்."

"விட்டே கட்டுங்க"ன்னா தாரணி.

கடைசி முடிச்சைப் போட்டு அவரு நூலை வெட்டுனாரு. அந்த நிமிசம் கடையில இருந்த மூணு பேரு ஃபோனும் ஒண்ணா கத்துச்சு. ஷட்டில் நிலவரம். ரோஜாப்பூ இல்ல, குட்மார்னிங் இல்ல. ஒரே வார்த்தை: அசையுது.

பூபதி வண்டியை எப்படி ஓட்டுனான்னு அவனுக்கே தெரியாது. ஏலக்கடையில ஏலத்தைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தாங்க, பொம்பளைங்க அடுப்பை அணைச்சுட்டு ஓடியாந்தாங்க, ரோஸலின் டீச்சர் ஓட்டப்பந்தயத்துக்கு விசில் ஊதிட்டு, ஓடுன பிள்ளைங்களுக்கு முன்னாடி அவங்க ஓடியாந்தாங்க. நாச்சிமுத்தண்ணன் சலூன்ல இருந்து, ஒரு கன்னத்துல நுரையோட, கழுத்துல துண்டோட வந்து சேந்தாரு. கடைக்காரர் ஷட்டரைக் கூட இறக்கல.

ஷட்டில் அவசரப்படல. ஒரு சாண் இறங்குச்சு, நின்னு யோசிச்சுச்சு, இன்னொரு சாண் இறங்குச்சு, தேரு நெலைக்கு வர்ற மாதிரி ஆடி அசைஞ்சு வந்துச்சு. தாரணி செருப்பைக் கழட்டிட்டு, மஞ்சப் பொடியில கெடந்த அந்தப் பழைய ரெண்டு காலடியிலயே தன் காலை வெச்சு நின்னா, கச்சிதமா பொருந்துச்சு. சேர்ல ஏறுன டீச்சர் மூச்சு வாங்கிக்கிட்டே, "பேட்டை மாத்தி இருக்காங்க, அனுமதி உண்டு, ரேலி தொடருது"ன்னாங்க.

"அடி அம்மிணி! வெச்சு அடி!" காலை டீம்காரங்களே கத்துனாங்க, தை மாசத்துல இருந்து பாத்துக்கிட்டு இருந்த ஷட்டிலை ஒரு அடி அடிச்சாத்தான் அவங்க மனசும் ஆறும் போல இருந்துச்சு. "அடிங்கக்கா! அடிங்க!"ன்னு பொம்பளைங்க பெஞ்சு மேல ஏறி நின்னாங்க. நாச்சிமுத்தண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்னாடி போனாரு, இன்னும் பின்னாடி போனாரு, பின்கோட்டைத் தாண்டிச் சுவத்துக்கிட்டப் போயி, எப்பேர்ப்பட்ட ஸ்மாஷ் வந்தாலும் எடுத்துருவேன்னு காலை அகட்டிக் குனிஞ்சு நின்னாரு.

பூபதி மட்டும் கத்தல. பெஞ்சுல உக்காந்து, கடப்பாரைப் பேட்டை மடியில வெச்சுக்கிட்டு, அவ தோளையே பாத்துக்கிட்டு இருந்தான்.

தலைக்கு மேல ஒரு ஆள் ஒசரத்துக்கு வந்ததும் ஷட்டில் யோசிக்கறதை விட்டுட்டு விழுந்துச்சு, சாதாரண ஷட்டில் எப்படி விழுகுமோ அப்படி. தாரணி கையைத் தூக்குனா. கை போச்சு, காதைத் தாண்டிப் போச்சு, மேல் பலகையைத் தாண்டி, குக்கரைத் தாண்டி, ஊசி ஒண்ணும் குத்தாம ஆகாசத்துக்குப் போச்சு. முழு வீச்சா வீசி வந்து, கடைசி நொடியில மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தி, தூங்கற கொழந்தை கன்னத்தைத் தொடற மாதிரி ஒரு தொடு தொட்டா.

டொப்புன்னு கூடச் சத்தம் இல்ல. ஷட்டில் நெட்டை நோக்கிச் சாவகாசமாப் போச்சு, நெட்டு நாடாவுக்கு மேல ஒரு வெரக்கடை தாண்டுச்சு, தாண்டுன கையோட தலையைக் கவுத்துக்கிட்டு அந்தப் பக்கம் விழுந்துச்சு, அண்ணனோட கால் படாத அந்தச் சுத்தமான எடத்துல. புஸ்ஸுன்னு கொஞ்சம் மஞ்சப் பொடி எழும்பி அடங்குச்சு.

நாச்சிமுத்தண்ணன் சுவத்துல இருந்து ரெண்டு எட்டு ஓடியாந்தாரு, ஓடி ஒண்ணும் ஆகப் போறதில்லன்னு பாதியில தெரிஞ்சு நின்னாரு.

"முப்பது, இருபத்தொன்பது"ன்னாங்க டீச்சர். தை மாசத்துல இருந்து சேர்ல உக்காந்தவங்களாச்சே, விசிலை நீளமா ஒரு ஊது ஊதுனாங்க. "கேம்."

மொதல்ல வந்த சத்தம் அண்ணனோட பெருமூச்சுதான், அப்படியே தரையில உக்காந்து, கன்னத்து நுரையைத் துண்டால வழிச்சுக்கிட்டு, "அப்பாடா"ன்னாரு. "இத்தனை மாசமா ஒரு அடியை எதிர்பாத்து நின்னேன் அம்மிணி, நீ தடவிக் குடுத்து அனுப்பிட்டியே! போச்சாது போ. எட்டு மணிக்கு எந்திரிச்சு வந்தாப் போதும்ல இனிமே? அந்த அஞ்சு மணி அலாரத்தை நான் கல்யாணம் ஆன நாள்ல இருந்து வெறுக்கறேன், வெளிய சொன்னா இவனுக சிரிப்பானுகன்னுதான் சொல்லல." காலை டீம்ல பாதிப் பேரு அதைக் கேட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, அவங்களுக்கும் அதே அலாரம்தான்.

அப்புறம்தான் குடோன் அதிர்ந்துச்சு, கூரையில இருந்த மஞ்ச மொத்தமும் ஒரே வீச்சுல உதிந்துச்சு, ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும் நலங்குத் தலையோட நின்னாங்க.

பூபதி எந்திரிச்சுப் போயி கடப்பாரைப் பேட்டை அண்ணன் கிட்ட நீட்டுனான். "நீங்க பின்னாடியே நின்னு தூக்கித் தூக்கிப் போடறவரு. தலையில கனம் உங்களுக்குத்தான் வேணும். தூக்கிப் பாருங்க." அண்ணன் தூக்கிப் பாத்தாரு, வீசிப் பாத்தாரு, மூஞ்சி மலந்து போச்சு. "அட, இதுவல்லவா பேட்டு! என்ற தோளு இதைத்தாம்ப்பா கேட்டுக்கிட்டு இருந்துச்சு."

அதுல இருந்து ஊருக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. பேட்டு வாங்கணும்னா யாரும் நேரா கடைக்குப் போறதில்ல. கூட்டாத மஞ்சப் பொடியில ஒரு கேம் ஆடிட்டு, அம்பயர் சேர்ல ஏறி, தான் எங்க மிதிச்சோம்னு தானே பாத்துட்டு, அப்புறந்தான் போறாங்க. முன்னாடி மிதிச்சவங்க பரண்ல இருக்கறதைக் கேட்டாங்க, பின்னாடி மிதிச்சவங்க கனமானதைக் கேட்டாங்க, எல்லாப் பக்கமும் மிதிச்சவங்க நடுத்தரமா ஒண்ணு வாங்குனாங்க. ஊர்ல தைல வாசம் கொஞ்சங் கொஞ்சமா கொறஞ்சுச்சு.

அந்த கேம் முடிஞ்ச மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஒரு டஜன் பேரும் வந்தாங்க, தரையைக் கூட்டுனாங்க, நெட்டை இழுத்துக் கட்டுனாங்க. தாரணி சர்வீஸ் போட்டா. எதிர்ப்பக்கம் நின்ன அக்கா ஆர்வக் கோளாறுல அதை ஒரே தூக்கா தூக்கி அடிச்சுட்டா. ஷட்டில் மேல போச்சு, உத்தரம் வரைக்கும் போச்சு. கோர்ட்டுல இருந்தவங்க, பெஞ்சுல இருந்தவங்க, சேர்ல இருந்த டீச்சர், வேலை போயிருமோன்னு வந்து நின்ன புறா வாட்ச்மேன், அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்தாங்க.

அது ஒரு நொடி நின்ன மாதிரி இருந்துச்சு.

அப்புறம் இறங்குச்சு.

"அப்பாடா"ன்னுச்சு மொத்தக் குடோனும். அந்த அப்பாடாவுல தாரணி ஷட்டிலை எடுக்கவே மறந்துட்டா, அது அவ காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு, அந்த நாளோட மொதல் பாயிண்டு போச்சு, அதுக்காக ஒருத்தருமே வருத்தப்படல.